சாவியை எடுத்தால் அணைய வேண்டும்: வண்டியில் கூடுதல் விளக்குக்கும் கேமராவுக்கும் எங்கிருந்து லைன் எடுப்பது?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறேன். வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையில் பேரணாம்பட்டு வழியாக வேனில் பெங்களூருக்குச் சரக்கு கொண்டு போவேன். மார்கழி, தை மாதங்களில் பத்தலப்பல்லி மலைப்பாதையில் பனி மூடிவிடுவதால் 55 வாட் ஹாலஜன் ஃபாக் லேம்ப் இரண்டு, கூடவே டேஷ் கேமரா, செல்போன் சார்ஜர் ஆகியவற்றைப் பொருத்தினேன். எல்லாவற்றையும் பேட்டரியிலிருந்தே நேராகக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாள் நிறுத்தி வைத்தால் செல்ஃப் எடுப்பதில்லை. சாவிக்குப் போகும் ஒயரிலேயே எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று இன்னொரு எலக்ட்ரீஷியன் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: கேமராவுக்கும் சார்ஜருக்கும் அவர் சொல்வதில் பாதி சரி, ஃபாக் லேம்புக்கு அது முற்றிலும் தவறு. சாவி லைன் என்பது எப்போது மின்சாரம் போக வேண்டும் என்று உத்தரவு போடுவதற்கு மட்டுமே பயன்பட வேண்டும், அதிக மின்சாரம் இழுக்கும் சாதனத்துக்கான மின்சாரம் ஃபியூஸ் வழியாகப் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும்.

முதலில், பேட்டரி ஏன் இறங்குகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். டேஷ் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது ஏறக்குறைய 0.4 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், 24 மணி நேரத்தில் 9.6 ஆம்பியர் மணி, மூன்று நாளில் ஏறத்தாழ 29 ஆம்பியர் மணி செலவாகிவிடும். சிறிய வேன்களில் வழக்கமாக இருக்கும் 35 ஆம்பியர் மணி பேட்டரியில் அதற்குப் பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது. செல்போன் மாட்டாமல் சும்மா இருக்கும் சார்ஜர் குடிப்பது மிகச் சிறிய அளவுதான். ஆகவே உங்கள் வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேமராவைத்தான்.

இப்போது ஃபாக் லேம்புக்கு வருவோம். இரண்டு விளக்கும் சேர்ந்து 110 வாட், அதாவது 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர். இதைச் சாவி ஒயரில் சேர்த்தால், வண்டியைத் தயாரித்தவர்கள் கணக்கில் வைத்திராத அந்த 9 ஆம்பியரும் இக்னிஷன் சுவிட்சின் சிறிய தொடுமுனைகள் வழியாகவே போக வேண்டியிருக்கும். அன்றைக்கே ஒன்றும் ஆகாது, அதனால்தான் பலர் இதைத் துணிந்து செய்கிறார்கள். சில மாதங்களில் தொடுமுனைகள் சூடாகி, ஒயர்களை இணைக்கும் கப்ளரின் வெள்ளை பிளாஸ்டிக் முதலில் டீ நிறத்துக்கு மாறி, பிறகு உருகி ஒயரோடு ஒட்டிக்கொள்ளும். இப்படி ஒட்டிப்போன கப்ளர் ஒன்றை ஸ்டீயரிங் அடியில் படுத்துக்கொண்டு கத்தியால் அறுத்து எடுத்த அனுபவம் எனக்கு உண்டு. அந்த வண்டிக்காரர் மிச்சப்படுத்தியது சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலே ஒன்றின் விலையைத்தான்.

வெளிச்சமும் குறையும் என்பது அடுத்த சிக்கல். 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய ஒயரில் 9 ஆம்பியரை மூன்று மீட்டர் கொண்டு போனால் வழியிலேயே ஏறக்குறைய ஒரு வோல்ட் கரைந்துவிடும், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரிலோ இழப்பு 0.2 வோல்ட்தான். ஹாலஜன் பல்புக்குப் போகும் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும் என்பதால், மெல்லிய ஒயர் போட்டவர் விளக்கு வாங்கிய காசில் ஒரு பகுதியை ஒயரிலேயே எரிக்கிறார்.

ஆகவே நான்கு முனை ரிலே ஒன்றை வாங்குங்கள். அதன் அடியில் 30, 87, 85, 86 என்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-க்கு வர வேண்டும், 87-லிருந்து விளக்குகளுக்குப் போக வேண்டும். 85-ஐ எர்த் செய்துவிட்டு (வண்டியின் இரும்பு பாடியோடு இணைத்துவிட்டு), 86-க்கு டேஷ்போர்டில் வைக்கும் சுவிட்சிலிருந்து ஒயர் கொடுங்கள். அந்தச் சுவிட்சுக்குத்தான் சாவி லைன் தேவை. ரிலேயின் சுருள் இழுப்பது 0.2 ஆம்பியருக்கும் குறைவு என்பதால் சாவி சுவிட்சுக்கு அது ஒரு பாரமே அல்ல. சாவியைப் போட்டுச் சுவிட்சைத் தட்டும்போது பானட்டுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் உத்தரவு போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

ஃபியூஸைப் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள். ஃபியூஸ் இருப்பது விளக்கைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் அதைத் தடுக்க எதுவும் இல்லை, தீப்பிடிக்கும். ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறதென்று 15-க்குப் பதில் 30 போடுவதும் அதே தீயைத்தான் வரவழைக்கும்.

கேமராவுக்கும் சார்ஜருக்கும் ரிலே வேண்டாம். ஃபியூஸ் பாக்ஸில் சார்ஜர் செருகும் சாக்கெட்டுக்கோ ரேடியோவுக்கோ உரிய ஃபியூஸைக் கழற்றி, அந்த இடத்தில் 'ஃபியூஸ் டேப்' என்று விற்கப்படும் இரட்டை ஃபியூஸ் தாங்கியைச் செருகி, அதன் இரண்டாவது இடத்தில் 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் போதும். சில வண்டிகளில் சாக்கெட்டுக்குச் சாவி இல்லாமலும் மின்சாரம் வரும். எனவே சாவியை எடுத்தபின் அந்த இடத்தில் மல்டிமீட்டர் பூஜ்யம் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ஃபியூஸைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போட்டால் இரண்டு துளைகளில் ஒன்றில் மட்டும் 12 வோல்ட் காட்டும். ஃபியூஸ் டேப்பின் இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்தத் துளையில்தான் இறங்க வேண்டும். மாற்றிச் செருகினாலும் வேலை செய்யும், ஆனால் கேமராவின் மின்சாரமும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் கட்டுப்பாடு), இசியூ (இன்ஜினின் கணினி), பெட்ரோல் பம்ப் ஆகியவற்றின் ஃபியூஸ்களை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் கேமரா ஒரு முறை அணைந்து மீண்டும் இயங்கினால் கவலை வேண்டாம், பல வண்டிகளில் அந்த நொடி சாக்கெட் லைன் துண்டிக்கப்படுவது வழக்கம்.

எர்த்தைப் பெயின்டின் மேல் முடுக்கினால் பயனில்லை; இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) வைத்து முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இணைப்புகளில் இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்ப வேண்டாம். வேலூர்ப் பக்கத்து அக்னி நட்சத்திர வெயிலில், அதுவும் இன்ஜின் சூட்டில், டேப்பின் பசை இளகி வழிந்து ஒயர் வெளியே தெரியும். லக்கை அழுத்திக் கிரிம்ப் செய்து, மேலே சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, ஒயர் முழுவதையும் நெளிகுழாய்க்குள் கொண்டு போவதே நிலைக்கும்.

வேலை முடிந்ததும் சாவியை எடுத்து, கதவுகளை மூடிவிட்டு, பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, இடையில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, கால் மணி நேரம் கழித்துப் படியுங்கள். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் சரி. கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, எதைக் கழற்றும்போது அளவு இறங்குகிறதோ அந்த லைனில் தேடுங்கள். மீட்டர் இடையில் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். பலமுறை அடியோடு இறங்கிய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்திருக்கும் என்பதால், அதை வெளியே எடுத்து 3.5 ஆம்பியரில் நிதானமாகச் சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு வைத்திருந்து அளந்து பாருங்கள், 12.6 வோல்ட்டுக்கு அருகில் நிற்காமல் 12.2-க்குக் கீழே இறங்கியிருந்தால், ஒயரிங்கை எவ்வளவு சரியாகச் செய்தாலும் பேட்டரியையும் மாற்றத்தான் வேண்டியிருக்கும்.