இரண்டாம் மாத ஊசிக்குப் போகும்போது பிறப்புப் பத்திரமும் கையில் இருக்கட்டும்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் பிறந்த குழந்தையின் பிறப்புப் பதிவையும் கிளினிக் கொப்பியையும் (பிள்ளையின் ஊசி, வளர்ச்சி விபரங்களை எழுதும் புத்தகம்) எப்படிப் பொருந்த வைப்பது?

இரண்டும் வெவ்வேறு இடங்களில் எழுதப்படுகின்றன, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பிறப்பைப் பதிவது பிள்ளை பிறந்த இடத்துக்குரிய பதிவாளர். ஊசி விபரமோ தாய் வசிக்கும் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தருடைய பதிவேட்டில் ஏறும். ஊர்காவற்றுறைப் பெண் யாழ் போதனா வைத்தியசாலையில் பிள்ளை பெற்று, கோப்பாயில் தாய் வீட்டில் சில மாதம் தங்கினால், ஒரே பிள்ளையின் விபரம் மூன்று இடங்களில் கிடக்கும்.

நாட்களைக் கவனியுங்கள். பிறப்பை 42 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். 3 மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவு. பிரதேச செயலகம், கிராம அலுவலர் என்று அலைய வேண்டும். ஊசிகளில், காசநோய்க்கான பிசிஜி பிறந்த 24 மணித்தியாலத்துக்குள், ஐந்து நோய்களுக்கான பென்டாவலன்டும் போலியோவும் 2ஆம் மாதத்தில், அடுத்தது 4ஆம் மாதத்தில். ஆக 2ஆம் மாத கிளினிக்கில் "பிறப்புப் பதிஞ்சாச்சோ?" என்று ஒருவரும் கேட்காவிட்டால், அடுத்த ஊசிக்கு வரும்போது அந்த 3 மாதத் தவணையும் போய்விட்டிருக்கும். கேட்கும்வரை காத்திராமல் பத்திரத்தின் பிரதியைக் கொண்டுபோங்கள். பதிவு இலக்கம், பதிந்த திகதி, பதிந்த பெயர் மூன்றையும் கொப்பியிலும் குடும்பநல உத்தியோகத்தருடைய பதிவேட்டிலும் எழுதுவியுங்கள்.

அதிகம் பிழையாவது பெயர்தான். பேறு விடுதியில் கொப்பி தரும்போது தாயின் பெயரோடு 'குழந்தை' என்றே எழுதுவார்கள். 31ஆம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைத்த பிறகும் பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பத்திரத்தில் 'தர்ஷிகன்', கொப்பியில் 'தர்சிகன்' என்றிருந்தால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தடுமாற்றம் வரும். கொப்பியைப் பத்திரத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும்: வெள்ளை மை பூசாமல் ஒற்றைக் கோட்டால் வெட்டி, மேலே சரியாக எழுதி, உத்தியோகத்தரின் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். இரட்டைப் பிள்ளைகள் என்றால் எந்தக் கொப்பி எவருடையது என்பதைப் பிறந்த நேரத்தை வைத்து உறுதிசெய்யுங்கள்.

பெயர் முடிவாகவில்லை, பெற்றோரின் விவாகப் பதிவு இல்லை என்று பிறப்புப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பெயரைப் பிறகும் சேர்க்கலாம்; விவாகப் பதிவு இல்லாமலும் பிறப்பைப் பதியலாம்.

கொப்பி தொலைந்தால் பிசிஜிக்கு இடக்கைத் தழும்பு சாட்சி. மற்ற ஊசிகளுக்கு உத்தியோகத்தரின் பதிவேடுதான் கதி. தாயின் பெயரையும் பிறந்த திகதியையும் சொல்லித் தேடுவியுங்கள். காலங்கடந்த பதிவுக்குப் போகிறவர்கள் கொப்பியையும் கொண்டுபோக வேண்டும், பிறந்த திகதிக்கு அதுவும் ஒரு சான்று.