மேட்சிங் ட்ரான்ஸ்ஃபார்மரை மல்டிமீட்டரில் வைத்தால் ஷார்ட் காட்டுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆன்டெனாவின் இரண்டு முனைகளை டிவிக்குப் போகும் கோஆக்ஸ் (வட்டமான ஆன்டெனா) கேபிளோடு பொருத்தும் குட்டி டப்பாதான் மேட்சிங் ட்ரான்ஸ்ஃபார்மர். அந்த வகையில் பெரும்பாலானவை நல்ல நிலையில் இருக்கும்போதே ஷார்ட்தான் காட்டும்.

டொரண்டோவில் பழைய வீடு, கூரையில் முன்பிருந்தவர் விட்டுப்போன போ-டை (வில் முடிச்சு வடிவ) ஆன்டெனா, ஊருக்குள்ளேயே இருக்கும் சிஎன் டவர் சேனல்கள் நன்றாக வருகின்றன, ஏரிக்கு அந்தப் பக்கத்து அமெரிக்க நகரமான பஃபலோவின் சேனல்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடைகின்றன என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நானும் இதே ஊரில் இதே மாதிரி ஆன்டெனாதான் வைத்திருக்கிறேன்.

அந்தக் குட்டி டப்பாவைப் பிரித்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. இரண்டு துளை போட்ட ஒரு ஃபெரைட் துண்டு, அதில் சில சுற்று மெல்லிய கம்பி, அவ்வளவுதான். எல்லா முனையும் அந்தக் கம்பி வழியாகவே ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். மல்டிமீட்டர் அளப்பது நேர்மின்சாரத்துக்கான தடையை. அதற்கு அது வெறும் கம்பித் துண்டு, பூஜ்யம்தான் வரும். ஆன்டெனா பக்கம் 300 ஓம், கேபிள் பக்கம் 75 ஓம் என்ற எண்கள் டிவி அலைவரிசையில் மட்டும்தான் உண்டு. ஓம்மீட்டரில் எந்தக் காலத்திலும் தெரியாது. பயப்பட வேண்டியது, ஆன்டெனா பக்கத்து இரண்டு கால்களுக்கு நடுவே இணைப்பே இல்லை என்று காட்டினால்தான். அப்போதும் சில மாடல்களில் உள்ளே கெபாசிட்டர் வைத்திருப்பார்கள், அவையும் அப்படித்தான் காட்டும். ஆகவே மல்டிமீட்டரை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

சிக்னலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதுவும் பலவீனமான சேனலில். சிஎன் டவரை வைத்துச் சோதித்தால் ஒரு கால் அறுந்த ட்ரான்ஸ்ஃபார்மர்கூட முழுக்கோடு காட்டி ஏமாற்றும். பஃபலோ சேனல் ஒன்றைப் போட்டு, டிவியின் சிக்னல் மெனுவைத் திறந்து வையுங்கள். கடையில் புதிதாக ஒன்று வாங்கி மாற்றிப் பாருங்கள், உடனே பழையதை மாட்டிப் பாருங்கள், மறுபடி புதியது. இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. வெயில் காலத்தில் ஏரிக்கு மேலே காற்று அடுக்கு மாறும்போது அந்தப் பக்கத்துச் சிக்னல் தானாகவே ஏறி இறங்கும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று பார்த்தால் நீங்கள் வானிலையைத்தான் அளந்திருப்பீர்கள்.

இன்னொரு அடையாளம்: ஒரு கால் அறுந்திருந்தால் விஎச்எஃப் (குறைந்த அலைவரிசை) சேனல்தான் முதலில் படுக்கும். யுஎச்எஃப் (உயர்ந்த அலைவரிசை) அந்த இடைவெளியை ஓரளவு தாண்டிவிடும். ஆனால் போ-டை ஆன்டெனாவுக்கே விஎச்எஃப் அவ்வளவாக ஆகாது, அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

சரி, இந்த ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே கோஆக்ஸை நேராக மாட்டினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டால் 300-க்கும் 75-க்கும் உள்ள பொருத்தமின்மையால் 36 சதவீதச் சக்தி திரும்பிப் போகும், அதாவது சுமார் 2 டெசிபல் நஷ்டம். மட்டமான ட்ரான்ஸ்ஃபார்மர் யுஎச்எஃப்பில் தானே அந்த அளவு தின்றுவிடும்! ட்ரான்ஸ்ஃபார்மர் செய்யும் பெரிய வேலை வேறு: கேபிளின் வெளிப் பின்னலும் ஆன்டெனாவாக மாறி, வீட்டுக்குள் இருக்கும் எல்இடி பல்பு, சார்ஜர் இரைச்சலை எல்லாம் இழுத்து வராமல் தடுக்கிறது. அதனால் மாட்டத்தான் வேண்டும். ஆனால் அதை மாற்றியதும் சேனல்கள் கொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் முதலில் கை வைப்பது திருகாணிகளில்தான். துரு ஏறிய கால்களைச் சுரண்டி இறுக்கி, கேபிள் முனையில் திருகும் எஃப் கனெக்டர் மேல் ரப்பர் மூடியை இழுத்துவிட்டு, தண்ணீர் சொட்டிப் போகும்படி கேபிளைக் கொஞ்சம் தொங்கலாக வளைத்துக் கட்டுங்கள். பாதி வீட்டில் கோளாறு இதோடு தீரும்.

நானோவிஎன்ஏ என்ற, அலைவரிசைவாரியாகச் சிக்னல் நஷ்டத்தை அளக்கும் குட்டிக் கருவி கையில் இருந்தால் வேலை சுலபம். ஒரே மாதிரி இரண்டு ட்ரான்ஸ்ஃபார்மரைக் கால்களோடு கால் சேர்த்து முதுகுக்கு முதுகாக இணைத்து, மொத்த நஷ்டத்தைப் பார்த்துப் பாதியாக்குங்கள். இப்போது இங்கே யுஎச்எஃப் டிவி 470 முதல் 608 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அந்த இடத்தில் ஒன்றுக்கு 1 டெசிபலுக்குள் வந்தால் நல்ல சரக்கு. ஒன்றுதான் இருக்கிறது என்றால் கால்களுக்கு நடுவே 300 ஓம் ரெசிஸ்டரைக் குட்டையாகப் பற்றவைத்து எஸ்டபிள்யூஆர் (பொருத்தம் எவ்வளவு என்று காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) பாருங்கள். கருவி 50 ஓம் கணக்கில் பேசுவதால், குறையே இல்லாத ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் 1.5 காட்டும். அதை 1-க்குக் கொண்டுவர மெனக்கெட வேண்டாம்.

அப்புறம் ஒன்று. கம்பத்தில் பூஸ்டர் இல்லாமல், பழைய பூஸ்டரின் பவர் அடாப்டர் மட்டும் கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தால் முதலில் கழற்றுங்கள். நீங்கள் பார்த்த அதே ஷார்ட் அந்த அடாப்டரையும் ஷார்ட் செய்துவிடும்.