எலும்புக்குப் புற்று பரவவில்லை, பிறகு ஏன் கால்சியம் ஏறுகிறது?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. நுரையீரலில் ஸ்குவாமஸ் வகைப் புற்றுநோய். எலும்புக்குப் பரவவில்லை என்கிறது ஸ்கேன். ஆனால் ரத்தத்தில் கால்சியம் 13.2, பாராதைராய்டு ஹார்மோன் மிகக் குறைவு. ஒரு வாரமாகத் தீராத தாகம், மலச்சிக்கல். பகலெல்லாம் தூங்குகிறார், பேச்சும் குழறுகிறது. பாலை நிறுத்திவிடலாமா?

பதில்: பால் இருக்கட்டும். இன்றே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கால்சியம் சுமார் 10.5-ஐத் தாண்டக் கூடாது. இந்தத் தூக்கத்தையும் குழறலையும் 'நோயின் அசதி' என்று விட்டுவிடாதீர்கள். கால்சியம் இறங்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார்.

கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோன்தான் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் சேர்ப்பது, சிறுநீரில் அது வீணாகாமல் காப்பதும். அப்பாவுடையது போன்ற சில கட்டிகள், தன் முன்பகுதி மட்டும் அந்த ஹார்மோனை ஒத்திருக்கும் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. கள்ளச்சாவி போல அது, அணுக்களில் அந்த ஹார்மோன் பொருந்தும் அதே பூட்டை, அதாவது ஏற்பியை, திறந்துவிடுகிறது. எலும்பில் ஒரு புற்றணுகூட இல்லாமலே எலும்பு கரைகிறது. கால்சியம் மிகுந்ததைக் கண்டு சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. அதனால்தான் அந்த ஹார்மோன் குறைவாக வந்திருக்கிறது. 1987-இல் கண்டறியப்பட்ட இந்தப் புரதம் நஞ்சல்ல. கருவிலிருக்கும் குழந்தைக்கு நஞ்சுக்கொடி வழியே கால்சியம் போய்ச் சேர உதவுவதே இதுதான். சிறுநீரகம், மார்பகம், கருப்பைப் புற்றுகளிலும் இது மிகுவதுண்டு.

இன்னொரு சிக்கலும் உண்டு. கால்சியம் மிகுந்தால் சிறுநீரகத்தால் நீரைப் பிடித்துவைக்க முடியாது. சிறுநீர் அதிகம் போய் உடல் வறண்டுவிடும். வறண்ட உடலில் சிறுநீரகம் கால்சியத்தை வெளியேற்றுவதும் குறைய, அளவு மேலும் ஏறும். அதனால்தான் சிகிச்சை சலைன் ஏற்றுவதில் தொடங்குகிறது. எலும்புக் கரைவைத் தடுக்கும் சோலெட்ரோனிக் அமில ஊசி பலன் தர இரண்டு முதல் நான்கு நாட்கள் ஆகும். அதுவரை சமாளிக்க, சில மணி நேரத்தில் வேலை செய்யும் கால்சிடோனின் தருவார்கள். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் சோலெட்ரோனிக் அமிலத்துக்குப் பதில் டெனோசுமாப் என்ற ஊசி உண்டு.

கால்சியம் வருவது எலும்பிலிருந்து என்பதால் பாலை நிறுத்திப் பெரிய பயனில்லை. கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை மட்டும் நிறுத்துங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தையசைடு வகை மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதுவும் கால்சியத்தை ஏற்றும். ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் புரதமான ஆல்புமினின் அளவையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். அது குறைந்திருந்தால் உண்மையான கால்சியம் 13.2-ஐ விடவும் அதிகம்.

ஊசியின் பலன் சில வாரங்கள்தான். கட்டிக்கான சிகிச்சை பலிக்காவிட்டால் கால்சியம் மறுபடி ஏறும். எனவே வீடு திரும்பிய பிறகு எத்தனை நாளுக்கொரு முறை ரத்தப் பரிசோதனை என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.