கொன்றோலை மாற்றமுன் கியர் ஒயிலை மணந்து பாருங்கள்

கேள்வி: ஐயா, இரணைமாதா நகரில் இருந்து இரணைதீவுக்கு ஆட்களும் சாமானும் ஏற்றுகிற 38 அடி பைபர் படகு ஒன்றைச் சங்கமாகச் சேர்ந்து வாங்கி ஓடுகிறோம். பழைய படகு. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று, 24 வோல்ற். எஞ்சின் வேகத்தையும் கியரையும் மாற்றுகிற லிவர்க் கொன்றோல் அறைக்குள் ஒன்று, மேல்தட்டில் ஒன்று. இரண்டும் ஒயிலில் வேலை செய்கிற ஹைட்ரோலிக். இப்போது லிவரைத் தள்ளினால் எஞ்சின் பிந்தித்தான் கேட்கிறது. வேகத்தைக் கூட்டிவிட்டால் தானாகவே இறங்குகிறது. அடிக்கடி ஒயில் விடவேண்டியிருக்கிறது. ஒருவர் ஒயில் கசியாமல் அடைக்கிற சீலை மாற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எலெக்ரோனிக் போடச் சொல்கிறார். எங்களிடம் ஒருமுறை செலவழிக்கத்தான் காசு இருக்கிறது. என்ன செய்யலாம்?
(வாசகர், இரணைமாதா நகர்)

பதில்: தம்பி, மாற்றத்தான் வேண்டும். ஆனால் காசை எடுத்துக்கொண்டு கொன்றோல் வாங்கப் போகமுன் ஒரு வேலை செய்யுங்கள். கியர்ப் பெட்டியின் அளவுக் கம்பியை இழுத்து, அதில் ஒட்டியிருக்கிற ஒயிலை வெள்ளைத் துணியில் துடைத்து மணந்து பாருங்கள். ஒயில் கறுத்து, கருகின மணமும் வந்தால், உங்கள் காசு முதலில் போகவேண்டிய இடம் கியர்ப் பெட்டிதான்.

காரணம் சொல்கிறேன். உங்கள் லிவருக்குக் கீழே ஒரு பிஸ்டன், எஞ்சின் பக்கத்தில் இன்னொரு பிஸ்டன், நடுவில் குழாய் நிறைய ஒயில். இங்கே தள்ளினது அங்கே அப்படியே போய்ச் சேரவேண்டும். சீல் தேய்ந்து ஒயில் கசிந்து காற்று உள்ளே போய்விட்டால், காற்று நசியும். நீங்கள் தள்ளுகிற தள்ளில் ஒரு பங்கு காற்றை நசிப்பதிலேயே முடிந்துவிடும். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திறொட்டிலில் இது வேகக் குறைவாகத் தெரியும், நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். கியரில் தெரியாது. கியர்ப் பெட்டியில் இருக்கிற லிவர் முழுத் தூரம் போகாமல் முக்கால்வாசியில் நின்றாலும் படகு ஓடும். ஆனால் கிளட்ச் தட்டுகளுக்குப் போகிற ஒயிலின் அழுத்தம் குறைந்திருக்கும், தட்டுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கின தட்டு எரியும். உங்கள் பக்கத்துக் கடல் ஆழம் குறைந்தது. புறொப்பலரில் சாதாளை (கடற்புல்) சுற்றினால் அதை உதறுவதற்கு முன்னுக்கும் பின்னுக்கும் கியரை மாற்றி மாற்றிப் போடுவீர்கள். அரைகுறையாகப் பிடிக்கிற தட்டு ஒவ்வொரு மாற்றத்திலும் தேயும்.

இதைச் சோதிக்கச் சோக்கட்டி ஒன்று போதும். எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, கியர்ப் பெட்டி லிவரில் இருக்கிற இணைப்பைக் கழற்றி, கையால் முன்னுக்கு முழுத் தூரம் தள்ளி அது நிற்கிற இடத்தில் கோடு போடுங்கள். பின்னுக்கும் அப்படியே. இணைப்பைத் திரும்பப் பூட்டி, ஒருவர் மேலே இருந்து லிவரைத் தள்ள, ஒருவர் கீழே கோட்டைப் பார்க்கட்டும். மேல்தட்டு, அறை இரண்டிலும் இருந்து செய்யுங்கள். கோட்டுக்குப் போகாவிட்டால், வேறு ஏற்பாடு செய்யும்வரை அந்தக் கொன்றோலை நம்பி ஆட்களை ஏற்றவேண்டாம்.

சீல் மாற்றச் சொன்னவரும் சரியான ஆள்தான். அந்தத் தயாரிப்புக்குரிய சீல் தொகுதி கிடைத்து, குழாய்களும் நல்லதென்றால், மாற்றி, குழாய்க்குள் இருக்கிற காற்றை வெளியே எடுத்துவிட்டு இன்னும் ஓடலாம். பழைய கொன்றோல்களுக்கு அந்தத் தொகுதியைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். கிட்டத்தட்ட அளவான றப்பர் வளையம் போட்டுச் சமாளிப்பார்கள். ஆனால் உப்பு அரித்துப் பிஸ்டனில் கீறல் விழுந்திருந்தால் புது வளையத்தையும் அது வெட்டும். இரண்டு கொன்றோலுக்கும் குழாய் ஒன்றோடொன்று தொடுத்திருப்பதால், மேலே கசிந்தால் கீழேயும் கெடும். மீன்பிடிப் படகென்றால் சீலோடு ஓடுங்கள் என்று சொல்லியிருப்பேன். 2018 ஏப்ரலில், இடம்பெயர்ந்திருந்த உங்கள் சனம் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் இரணைதீவுக்குப் போய்த் தங்கள் மண்ணில் இறங்கினார்கள். அந்தத் தீவுக்குப் படகுதான் வீதி. கைக்குழந்தைக்காரியும் வயதானவர்களும் ஏறுகிற படகில், கேட்டும் கேட்காமலும் இருக்கிற கொன்றோல் இருக்கக்கூடாது.

எலெக்ரோனிக் என்றதும் எஞ்சினையும் மாற்றவேண்டுமோ என்று பயப்படாதீர்கள். மேலே இருக்கிற லிவர் வயரில் ஒரு சைகை அனுப்பும். எஞ்சின் அறையில் இருக்கிற பெட்டிக்குள் மோட்டர் சுழன்று இரண்டு கேபிளை இழுக்கும்: ஒன்று திறொட்டிலுக்கு, ஒன்று கியருக்கு. உங்கள் பழைய டீசல் பம்பும் கியரும் இருந்தபடியே இருக்கும். கோபெல்ட், கிளெண்டினிங் போன்ற தயாரிப்பாளர்கள் இந்த வகையைச் செய்கிறார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஹைட்ரோலிக் கெடும்போது பெரும்பாலும் சொல்லிக்கொண்டு கெடும்: கசியும், பிந்தும், இறங்கும். எலெக்ரோனிக் கொன்றோல் மின்சாரம் போன அந்த நொடியில் வேலை செய்யாமல் போகும். அதனால் கொன்றோலுக்கு ஒதுக்குகிற காசில் ஒரு பங்கை முதலில் படகின் மின்சாரத்துக்கு ஒதுக்குங்கள். ஸ்ராட்டர் சுற்றும்போது பற்றரியின் வோல்ற் சட்டென்று விழும். அதே பற்றரியில் தொங்குகிற கொன்றோல் பெட்டி அந்த நேரத்தில் மயங்கிப்போகும். கொன்றோலுக்குத் தனிப் பற்றரி வையுங்கள். அது இறங்கினால் மற்றதில் இருந்து தானாக எடுக்கிற இணைப்பும் வேண்டும். வயர் வெள்ளீயம் பூசின செம்புக் கம்பியாக இருக்கட்டும். வீட்டுக்கு இழுக்கிற வயர் உப்புக்காற்றில் உள்ளுக்குள்ளேயே பச்சை பிடித்துவிடும். பற்றரிக்கும் பெட்டிக்கும் இடையில் 3 வீதத்துக்கு மேல் வோல்ற் இழக்கக்கூடாது. உங்கள் 24இல் அது முக்கால் வோல்ற்றுக்கும் குறைவு. பெட்டி வேலை செய்துகொண்டிருக்கும்போது மீற்றர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

ஓட்டி பழகவேண்டியது ஒன்று இருக்கிறது. பழைய லிவரில் முன்னுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னுக்கு இழுத்தால் பின் கியர் உடனே விழும். எலெக்ரோனிக் அப்படி விடாது. முதலில் எஞ்சினை வேகம் குறைத்து, நடுவில் கொஞ்சம் நிறுத்தி, பிறகுதான் பின் கியரைப் போடும். கியரைக் காப்பாற்ற அது நல்லது. ஆனால் இறங்குதுறைக்கு ஐந்து பாகத் (முப்பது அடி) தூரத்தில் வைத்துப் பின்னுக்கு இழுக்கிற பழக்கமுள்ள ஓட்டி துறையில் போய் இடிப்பார். அந்த இடைவெளியின் நேரத்தைப் பூட்டுகிறவர் கூட்டிக் குறைக்கலாம். உங்கள் ஓட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆட்களில்லாத படகில், வெளிக்கடலில் அதைச் சரிப்படுத்துங்கள்.

துறையில் இறுக்கிக் கட்டிவைத்து, எஞ்சின் ஓடும்போது கொன்றோலின் பியூஸைக் கழற்றிப் பாருங்கள். சில தயாரிப்புகள் இருந்த வேகத்திலும் கியரிலும் அப்படியே நிற்கும், சில வேறு மாதிரி. உங்களுடையது எது என்று ஓட்டியும் உதவியாளரும் கண்ணால் காணவேண்டும். எஞ்சினை நிற்பாட்டுகிற கேபிளை இந்தப் பெட்டியோடு சேர்க்கவே வேண்டாம். அது தனியாகக் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். பிறகு ஒருவர் சுக்கானில், ஒருவர் எஞ்சின் அறையில் கேபிளைக் கழற்றிவிட்டுக் கையால் கியர் போட்டு, துறைக்குக் கொண்டுவந்து கட்டிப் பழகுங்கள். சோளகக் காற்றுத் தொடங்கமுன் பழகுங்கள்.

மிச்சம் சின்ன விசயங்கள். பெட்டியை எஞ்சினில் பூட்டாமல், சூடும் அடித்தண்ணீரும் படாத சுவரில் பூட்டுங்கள். கேபிளை முறுக்காமல் பெரிய வளைவாக எடுங்கள். கியர் நடுவில் இல்லாவிட்டால் ஸ்ராட்டர் சுற்றாதபடி இணைக்கச் சொல்லுங்கள். பூட்டி முடிந்ததும் சோக்குக் கோட்டை மறுபடி பாருங்கள். புதுக் கேபிளும் அளவு பிழைத்தால் கோட்டுக்குப் போகாது. ஒரு கேபிளும் ஒரு லிவர்த் தலையும் மேலதிகமாக இப்போதே வாங்கிப் படகில் வையுங்கள். பழுதான அன்று கிளிநொச்சிக் கடையில் தேடிக்கொண்டு நிற்க முடியாது.

கேள்வி: அளம்பிலில் இருந்து எழுதுகிறேன், ஐயா. வீட்டுக்காரரின் படகில் 25 குதிரைவலு மண்ணெண்ணெய் மெசின். பிடியைக் கையால் பிடித்துத்தான் ஓடுகிறார். இதற்கும் எலெக்ரோனிக் கொன்றோல் பூட்டலாம் என்று ஒருவர் சொல்கிறார். பூட்டலாமா?
(வாசகி, அளம்பில்)

பதில்: வேண்டாம், பிள்ளை. கைப்பிடியில் ஓடுகிற மெசினில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. பிடிக்குள் இருக்கிற வேகக் கேபிளுக்குக் கிறீஸ் வைத்து, இழை அறுந்திருந்தால் மாற்றினால் போதும். அந்தக் காசில் எண்ணெயில் தண்ணீரைப் பிரிக்கிற வடி ஒன்றும், படகில் போகிற ஆட்களின் எண்ணிக்கைக்கு உயிர்காப்பு அங்கியும் வாங்குங்கள். அவசர நிறுத்தக் கயிறு மெசினில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஓடும்போது அதை அவர் கையில் மாட்டியிருக்கச் சொல்லுங்கள்.