சீன மருத்துவத்தில் சிறுநீரகத்துக்கு ஊட்டம் தரும் உணவுகள் எவை? கிரியேட்டினின் கூடியவர்கள் சாப்பிடலாமா?

கேள்வியின் சாரம் இது: வயது 52, ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.6. சீன மருத்துவத்தில் கருப்பு எள், கருப்பு பீன்ஸ், கோஜி பெர்ரி மூன்றும் சிறுநீரகத்தைப் பலப்படுத்தும் என்கிறார்களே, தினமும் சாப்பிடலாமா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சீன மருத்துவம் ‘ஷென்’ என்று சொல்வதைத்தான் நாம் சிறுநீரகம் என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். ஆனால் ஷென் என்பது ஸ்கேனில் தெரியும் அந்த இரண்டு உறுப்புகள் மட்டும் அல்ல. பிறவியிலேயே வரும் உயிர்ச்சத்தான ‘ஜிங்’ தங்கும் இடம் அது. வளர்ச்சி, பிள்ளைப்பேறு, எலும்பு, மஜ்ஜை, தலைமுடி, காது எல்லாம் அதன் பொறுப்பு. பஞ்சபூத வரிசையில் அதற்கு நீர், பருவத்தில் குளிர்காலம், நிறத்தில் கருப்பு, சுவையில் உப்பு. ‘ஷென் பலவீனம்’ என்று சீன வைத்தியர் சொல்லும் ஒருவருக்கு கிரியேட்டினின் 0.8 ஆக இருக்கலாம். உங்கள் 1.6-ஐப் பார்த்து அவர் ஷென் பற்றி எதையும் முடிவு செய்யவும் மாட்டார். நாக்கையும் நாடியையும்தான் பார்ப்பார். கீழே வரும் உணவுகள் எல்லாம் அந்த ஷென்னுக்குச் சொல்லப்பட்டவை. சிறுநீரக நோய்க்குச் சொல்லப்பட்டவை அல்ல.

அதிலும் எல்லாருக்கும் ஒரே பட்டியல் கிடையாது. ஷென்னின் யின், அதாவது குளிர்ச்சியும் ஈரமும் தரும் பக்கம், குறைந்தால் உடம்பு உள்ளுக்குள் காயும்: ராத்திரி வியர்வை, உள்ளங்கை உள்ளங்காலில் சூடு, வாய் வறட்சி, காதில் இரைச்சல், படிவம் குறைந்த சிவந்த நாக்கு. சூடு தரும் பக்கமான யாங் குறைந்தால் குளிரும்: இடுப்பும் முழங்காலும் சில்லிடும், ராத்திரி பலமுறை தெளிந்த சிறுநீர் போகும், நாக்கு வெளுத்து உப்பியிருக்கும். இடுப்பு வலி இரண்டிலும் வரும், அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. யின் குறைந்தவர் ஆட்டுக்கறி சூப்பும் வால்நட்டுமாகச் சாப்பிட்டால் சூடு ஏறி வாய்ப்புண் வரும், தூக்கம் கெடும். இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே தட்டில் போட்டுவிடுகின்றன.

கருப்பு எள் யின் பக்கம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம். முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், வறுத்துப் பொடித்தால்தான் பயன். சீன வீடுகளில் செய்யும் எள் கஞ்சிக்கு 100 கிராம் எள், 2 மணி நேரம் ஊறிய 50 கிராம் பச்சரிசி, 900 மில்லி தண்ணீர், 40 கிராம் கற்கண்டு போதும். கருப்பு எள்ளை வறுப்பதில் ஒரு சிக்கல் உண்டு: கருகினால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு தேக்கரண்டி வெள்ளை எள்ளையும் வாணலியில் சேர்த்துவிடுங்கள். வெள்ளை எள் இளம் பொன்னிறமாகி, கருப்பு எள் படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்க வேண்டும். இரண்டு விரலுக்கு இடையில் வைத்து நசுக்கினால் சட்டென்று பொடியாக வேண்டும். வாணலியிலேயே விட்டுவைத்தால் அந்தச் சூட்டிலேயே கருகிக் கசந்துபோகும், உடனே தட்டில் பரப்புங்கள். அரிசியையும் எள்ளையும் கொஞ்சம் தண்ணீர் விட்டு மைய அரைத்து, மீதித் தண்ணீரை ஊற்றிக் கலக்கி, அதன் பிறகே அடுப்பில் வைக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். சின்னத் தீயில் கைவிடாமல் 8 முதல் 10 நிமிடம் கிளறினால் பளபளப்பாகத் திரளும். மேலே சொன்ன அளவு 7 பேருக்கு. எள் குடலை இளக்கும், அதனால் வயிற்றுப்போக்கு இருப்பவர்களுக்கு ஆகாது.

கருப்பு பீன்ஸ் என்பது கருப்புத் தோல் கொண்ட சோயாதான், நம் கருப்பு உளுந்து அல்ல. உள்ளே பருப்பு பச்சையாக இருக்கும் ரகத்தை சீனர்கள் உயர்வாக நினைப்பார்கள். ஒருவருக்கு 30 கிராம், 8 மணி நேரம் ஊற வேண்டும். ஊறிய தண்ணீர் ஊதாவாக மாறுவது இயல்பு. அதில் இரண்டு சொட்டு வினிகர் விட்டால் சிவப்பாக மாறும், தோலில் உள்ள இயற்கை நிறமி அமிலத்தில் அப்படித்தான் மாறும். சாயம் ஏற்றிய பீன்ஸில் இப்படி மாறாது. சோயாவை அரைவேக்காடாகச் சாப்பிட்டால் வயிறு உப்பும், புரதச் செரிமானமும் தடைபடும். விரலால் அழுத்தினால் மாவாக மசியும் வரை வேக வேண்டும்.

கோஜியில் சீனாவின் நிங்சியா பகுதியில் விளையும் சோங்நிங் ரகத்துக்குத்தான் பெயர். அளவு 6 முதல் 12 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி. வாங்கும்போது பழத்தின் காம்பு முனையைப் பாருங்கள். நல்ல பழத்தில் அங்கே ஒரு வெளுத்த புள்ளி இருக்கும். அந்தப் புள்ளியும் சேர்ந்து சிவந்திருந்தால் சாயம் என்று சந்தேகப்படலாம். பளீர் சிவப்பும் மூக்கை எரிக்கும் புளிப்பு வாசமும் இருந்தால் கந்தகப் புகை காட்டியது. குளிர்ந்த தண்ணீரில் ஒரே அலசல் போதும். சூப்பில் கடைசி 5 நிமிடத்தில் போடுங்கள், ஆரம்பத்திலேயே போட்டால் கரைந்து சூப்பு புளிக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கோஜியைத் தொடவே வேண்டாம். அந்த மருந்தின் வேலையைக் கூட்டி ரத்தக் கசிவை உண்டாக்கும்.

ஷான்யாவ் என்ற கிழங்கு நம் வள்ளிக்கிழங்கின் இனம். ஹெனான் மாகாணத்தில் ஜியாவ்சுவோ பகுதியில் விளையும் ‘இரும்புக் கம்பி’ ரகம் விரல் பருமன்தான் இருக்கும், வேகவைத்தால் மாவாக இருக்கும். ஊட்டத்துக்கு அதுதான். தடித்து நீர்ச்சத்துடன் இருக்கும் ரகம் வதக்குவதற்கு. தோல் சீவும்போது கை அரிக்கும், ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்களின் வேலை அது. தோலோடு 20 நிமிடம் ஆவியில் வேகவைத்து அப்புறம் உரித்தால் அரிப்பு இல்லை. சியான் யி என்ற சோங் வம்ச வைத்தியர், வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகளுக்காகச் செய்த ஆறு சரக்கு மாத்திரையிலும் இந்தக் கிழங்கு உண்டு. இன்று பெரியவர்கள் யின் குறைவுக்கு வாங்கிச் சாப்பிடுவது அந்த மாத்திரையைத்தான். அது மருந்து, உணவுப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

சிறுநீர் அடிக்கடி போவதற்கும் விந்து தானாகக் கசிவதற்கும் ‘சியான்ஷி’ விதை கொடுப்பார்கள். பிகாரில் பொரித்து மக்கானா என்று விற்பதும் இதே செடியின் விதைதான். நம் கடைகளில் மக்கானாவைத் தாமரை விதை என்று சொல்லி விற்கிறார்கள், அது தவறு. தாமரை வேறு செடி. சீனர்கள் சியான்ஷியைப் பொரிப்பதில்லை, உடைத்த கெட்டி விதையை 4 மணி நேரம் ஊறவைத்துக் கஞ்சியில் வேகவிடுவார்கள். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

யாங் பக்கத்தில் வால்நட், இறால், ஆட்டுக்கறி, கூடவே தட்டை இலையும் பூண்டு வாசமும் உள்ள சீன வெங்காயத்தாள். நம் வெங்காயத்தாள் அதற்கு ஈடு அல்ல. வால்நட் 6 முதல் 9 கிராம், அதாவது இரண்டு கொட்டைப் பருப்பு. சிக்கு வாசம் வந்தால் தூக்கிப் போடுங்கள். பன்றிச் சிறுநீரகத்தை தூசோங் மரப்பட்டையோடு சூப்பு வைப்பதும் பழைய வழக்கம். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிறுநீரகம் காட்மியம் என்ற நச்சு உலோகம் சேரும் உறுப்பு, யூரிக் அமிலத்தைக் கூட்டும் பியூரினும் அதில் அதிகம்.

உப்பு ஷென்னுக்குப் போகும் என்ற விதியையும் பலர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். மருந்துச் சரக்கை ஷென் பக்கம் திருப்பிவிட 100 கிலோ பட்டைக்கு 2 கிலோ உப்பு கரைத்துத் தெளித்து வறுப்பார்கள். அந்த விதியின் அளவு அவ்வளவே. சோற்றில் உப்பைக் கூட்டுவதற்கு அதில் இடமே இல்லை.

இப்போது உங்கள் 1.6. முதலில் eGFR-உம் (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் கணக்கு) சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் பார்த்து நெஃப்ராலஜிஸ்டிடம் (சிறுநீரக மருத்துவர்) காட்டுங்கள். வடிகட்டும் திறன் குறைந்தவர்களுக்கு பொட்டாசியமும் பாஸ்பரஸும் உடம்பில் தேங்கும். பீன்ஸ், கொட்டை வகைகளில் இரண்டும் அதிகம், உலர்ந்த பழத்தில் பொட்டாசியம் அதிகம். பருப்பையும் கிழங்கையும் ஊறவைத்து வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடச் சொல்வார் டயட்டீஷியன், பொட்டாசியம் அதில் இறங்கியிருக்கும் என்பதால். சீனச் சமையலோ அந்தக் கருப்புத் தண்ணீரில்தான் சத்து இருக்கிறது என்று குடிக்கச் சொல்கிறது. இந்த இரண்டும் நேருக்கு நேர் மோதும் இடம் இது, இங்கே டயட்டீஷியன் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். தோல் நீக்காத எள்ளில் ஆக்சலேட்டும் மிக அதிகம், சிறுநீரகக் கல் வந்தவர்கள் தினமும் சாப்பிடுவது சரியில்லை.

பெயர் தெரியாத மூலிகைப் பொடி, லேபிள் இல்லாத மாத்திரை எதுவும் வேண்டவே வேண்டாம். பிரஸ்ஸல்ஸில் 1990களின் தொடக்கத்தில் உடல் மெலிய சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. ஒரு மூலிகைக்குப் பதில் பெயர் ஒத்த இன்னொன்று சேர்ந்துவிட்டது. அதில் இருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தையும் அழிக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். நம் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அதே குடும்பம், அதே அமிலம்.

மருத்துவர் பொட்டாசியம் சரியாக இருக்கிறது என்று சொன்னால், சமையலில் ஒரு தேக்கரண்டி வறுத்த எள்ளை வாரத்தில் இரண்டு நாள் தூவிக்கொள்ளலாம். கோஜியும் பீன்ஸ் சூப்பும் அடுத்த ரத்தப் பரிசோதனை வரும் வரை நிற்கட்டும். எந்தப் புது உணவைத் தொடங்கினாலும் தேதியைக் குறித்துவைத்து, அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள்.