வேஷம் கட்டுகிற நேரம்

அன்புள்ள சார்,

சென்னையில் ஒரு நவீன நாடகக் குழுவில் நான்கு வருடமாக நடிக்கிறேன். ஒத்திகையில் ஒரு பிரச்சினையும் இல்லை. காட்சி நாளன்று கை நடுங்குகிறது, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. எங்கள் நாடகங்களில் மேக்கப் கிடையாது. ஆபீஸ் முடிந்து பைக்கில் நேராக வந்து, முகம் கழுவி மேடையேறுவேன். போன மாதம் நடுமேடையில் வசனம் மறந்துபோனது, உடன் நடித்தவர் சமாளித்தார். நண்பர் கொடுத்த படபடப்பு மாத்திரையைப் போட்டுப் பார்த்தேன், நடுக்கம் குறைந்தது. தொடரலாமா? எனக்கு நடிப்பு வராதோ என்றும் பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

மாத்திரையை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் போட்டது புரோப்ரனலால் என்று நினைக்கிறேன். இதயத் துடிப்பைத் தணித்து நடுக்கத்தைக் குறைக்கும்; ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆபத்தான மருந்து. நண்பர் கொடுத்தாராம், நீங்களும் விழுங்கினீர்களாம். படித்த பிள்ளை செய்கிற காரியமா இது? டாக்டரிடம் போங்கள். அவர் எழுதிக்கொடுத்தால் சாப்பிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நடிப்பு வராதோ என்ற பயத்துக்கு ஒரு தகவல் போதும். புகழ்பெற்ற ஆங்கில நடிகர் லாரன்ஸ் ஒலிவியருக்கு இந்த மேடைப் பயம் வந்தது 1964-இல், 57 வயதில், லண்டன் நேஷனல் தியேட்டரின் இயக்குநராக இருந்தபோது. ஒத்தெல்லோவாக நடிக்கையில், மேடையில் தனியே நின்று பேசும் இடங்களில், இயாகோவாக நடித்த ஃபிராங்க் ஃபின்லே தன் கண்ணில் படும்படி ஓரத்திலேயே நிற்க வேண்டும் என்று கெஞ்சியிருக்கிறார். அந்தப் பயம் வருடக்கணக்கில் அவரை விடவில்லை. சரி, அது போகட்டும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது பைக்கில் நேராக வருகிறேன் என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி. கொஞ்ச நாளாகவே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து நடக்கும். எனக்குப் பதினான்கு வயது இருக்கும்போது ஒரு நாள், வேஷக்காரர் வரும்போது அவர் முன்னால் திரைத்துணி பிடிக்கிற ஆள் வரவில்லையென்று என்னைக் கூப்பிட்டார்கள். துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் சாயங்காலமே வந்து உட்கார்ந்துவிட்டார். மடியில் கைக்கண்ணாடி. அரிதாரத்தைக் குழைத்துத் தானே தன் முகத்தில் எழுதினார். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று ஒவ்வொன்றாக ஏறின. சலங்கை கட்டும்போது யாரோடும் பேசவில்லை. நாற்பது வருடம் ஆடியவர். அப்புறம் திரைக்குப் பின்னால் வந்து நின்று, "தம்பி, நாக்கு வறண்டு கெடக்குது, அந்தச் சொம்பக் குடு" என்றார். குடித்துவிட்டுத் திரையின் மேல் விளிம்பைப் பற்றினார். அவர் கை நடுங்கியது துணி வழியாக என் கைக்குத் தெரிந்தது.

உடனே அவர் முகத்தைக் காட்டிவிடவில்லை. திரைக்குள் இருந்தபடியே விருத்தம் பாடினார். முகவீணை என்கிற ஊதுகுழலும் மிருதங்கமும் சேர்ந்துகொண்டன. அவர் குரல் கம்மிய இடத்தில் பின்பாட்டுக்காரர்கள் வரியை வாங்கிக்கொண்டார்கள். சலங்கைக் கால் தரையை மிதிக்க மிதிக்க எனக்கே தொடை அதிர்ந்தது. திரை விலகியபோது மனிதர் வேர்த்து நனைந்திருந்தார். கை நடுக்கமெல்லாம் காலுக்கு இறங்கிவிட்டிருந்தது.

பயந்த உடம்பு ஓடவோ மோதவோ தயாராகிறது. இதயம் வேகமாக அடித்துக் கைகால்களுக்கு ரத்தத்தை அனுப்புகிறது. அந்த உடம்பைத்தான் நீங்கள் நேராக வெளிச்சத்தில் நிறுத்தி, அசையாமல் மெல்லப் பேசு என்கிறீர்கள். பாவம், அது என்ன செய்யும்? கூத்தில் அதற்கு முதலில் வேலை கொடுக்கிறார்கள். 1977-இல் நாடகாசிரியர் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதும், கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் நவீன நாடகக்காரர்கள் கற்றுக்கொண்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கூத்தின் ஆட்ட அடவை மேடைக்குக் கொண்டுவந்தோம், தாளத்தைக் கொண்டுவந்தோம். வேஷம் கட்டுகிற அந்த மூன்று மணி நேரத்தைப் பலர் வீண் என்று விட்டுவிட்டோம். எனக்கு இதில் கோபமே உண்டு. ஆபீஸ் மெயிலைப் பார்த்த கண்ணோடு மேடையேறிவிட்டு, பயமாக இருக்கிறது என்றால் எப்படி?

அரை நாள் லீவு போடுங்கள். இரண்டு மணி நேரம் முன்னால் போய், போனை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். அரங்கின் பின்பக்கம் வேர்க்கிறவரை நடங்கள், குதியுங்கள், வாய்விட்டுப் பாடுங்கள். உங்களுக்கென்று மேக்கப் இல்லாவிட்டாலும் மேடைச் சட்டையின் பொத்தானைப் போட ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உடன் நடித்தவர் சமாளித்தார் என்று மூன்றே வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். கூத்தில் கதையை நடத்திச் செல்கிற கோமாளியான கட்டியங்காரன் அதைச் செய்வான். வேஷக்காரர் திணறினால் ஒரு கேள்வி கேட்டு அவர் வாயில் சொல்லை எடுத்துக்கொடுப்பான். உங்களுக்கு அப்படிக் கொடுத்தவர் யார், காட்சி முடிந்து அவரிடம் போய்ப் பேசினீர்களா? கடிதத்தில் அது இல்லை. இன்றைக்கே போனில் கூப்பிடுங்கள். அடுத்த காட்சியன்று அவரையும் சீக்கிரம் வரச் சொல்லுங்கள்.