சித்தப்பாவின் ஜேசிபியும் மகளின் கெமிஸ்ட்ரியும்

கேள்வி: கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறோம். எனக்கு ஐ.டி.யில் டெஸ்டிங் வேலை, மனைவி ப்ரீஸ்கூல் டீச்சர். இருவருக்கும் சேர்த்து வருடம் 1.35 லட்சம் டாலர். இங்கேயே பிறந்த மகளுக்கு 19 வயது. இந்த ஆகஸ்டில் கம்யூனிட்டி காலேஜில் (முதல் இரண்டு வருடம் படித்துவிட்டு யுனிவர்சிட்டிக்கு மாறிக்கொள்ளும் அரசுக் கல்லூரி) பயாலஜி சேர்ந்தாள். இரண்டாவது வாரமே கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டு, போபா டீக்கடையில் வாரம் 25 மணி நேரம் வேலை பார்க்கிறாள். வீட்டு நிலைமை தெரிந்து மாதம் 600 டாலர் கொடுக்கிறாள். முதலில் ஃபீஸே இல்லை என்ற காலேஜ், இப்போது 368 டாலர் பில் அனுப்பியிருக்கிறது. "கம்யூனிட்டி காலேஜிலா போட்டீங்க?" என்று தெரிந்தவர்கள் கேட்பது என் மனைவிக்குத் தாங்கவில்லை.

வீட்டின் மேல் ஹீலாக் (வீட்டை ஈடாக வைத்து, லிமிட்டுக்குள் வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன்) வைத்திருக்கிறோம், வட்டி இப்போது 8.5 சதவீதம். திருச்சியில் என் தம்பி ஜேசிபி வாங்கியபோது அதிலிருந்து 12,000 டாலர் கொடுத்தேன். இரண்டரை வருடமாக டியூ கட்ட அதிலிருந்தே மாதம் 1,200 அனுப்புகிறேன். ஞாயிறு காலை வாட்ஸ்அப்பில் கூப்பிடுவான், காபி ஆறுவதற்குள் அனுப்பிவிடுவேன். லிமிட்டில் இன்னும் ஒரு லட்சம் மிச்சம் இருக்கிறது. அதை எடுத்து மகளைத் தனியார் யுனிவர்சிட்டிக்கு மாற்றலாமா? இன்ஷூரன்ஸ் விற்கும் நண்பர் ஒருவர், ஐயுஎல் என்ற, சேமிப்பும் சேர்ந்த ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசியில் மாதம் 500 போட்டால் படிப்புக்கு ஆகும் என்கிறார். செய்யலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: மூன்று டேப் போட்ட எக்செல் ஷீட்டையும் கடிதத்தோடு சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். மளிகை, பெட்ரோல், 401கே (ஓய்வுக்காலச் சேமிப்பு) எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. பட்ஜெட் போடுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த ஷீட்டில் ஜேசிபி என்று ஒரு வரியைக்கூடக் காணோம். ஹீலாக்கில் எடுப்பது சம்பளத்திலிருந்து போவதில்லை என்பதால் அதைச் செலவாகவே நீங்கள் நினைக்கவில்லை போலிருக்கிறது.

நான் எழுதிப் பார்த்தேன். முன்பணம் 12,000. மாதம் 1,200 வீதம் 30 மாதத்துக்கு 36,000. ஆகமொத்தம் 48,000 டாலர். 8.5 சதவீதத்தில் வருட வட்டி 4,080, அதாவது மாதம் 340. அசல் அப்படியே நிற்கிறது. நிற்கிறது என்பதுகூடத் தப்பு, ஒவ்வொரு மாதமும் அது வளர்ந்துகொண்டிருக்கிறது. இந்த வட்டிக்கு வரிச் சலுகையும் கிடையாது. ஹீலாக் பணத்தை அதே வீட்டை வாங்கவோ கட்டவோ புதுப்பிக்கவோ செலவழித்திருந்தால்தான் கழிக்கலாம். திருச்சியில் மண் அள்ளுவது அந்தக் கணக்கில் வராது.

இப்போது மகள் பக்கம் வருவோம். கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் ஃபீஸ் யூனிட்டுக்கு (ஒரு பாடம் எவ்வளவு பெரியது என்று அளக்கும் கணக்கு) 46 டாலர். வருடம் 30 யூனிட் எடுத்தால் 1,380. உங்கள் ஹீலாக்குக்கு நாலு மாதம் கட்டும் வட்டி 1,360. நாலு மாத வட்டியில் பிள்ளையின் ஒரு வருடப் படிப்பு கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. அவள் வீட்டுக்குத் தரும் 600-இல் 340 இந்த வட்டிக்குத்தான் போகிறது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: சித்தப்பாவின் ஜேசிபிக்கு வட்டி கட்டத்தான் உங்கள் மகள் கெமிஸ்ட்ரியை விட்டிருக்கிறாள். அவளுக்கு இது தெரியுமோ தெரியாதோ, உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த 368 டாலர் பில்லும் இங்கிருந்து வந்ததுதான். அவள் முதலில் எடுத்தது 13 யூனிட்: பயாலஜி 5, கெமிஸ்ட்ரி 5, இங்கிலீஷ் 3. மாநிலத்தின் காலேஜ் பிராமிஸ் திட்டத்தில், முதல்முறை கல்லூரிக்கு வரும் முழுநேர மாணவர்களுக்கு இரண்டு வருடம் வரை பல கல்லூரிகள் ஃபீஸை விட்டுக்கொடுக்கின்றன. முழுநேரம் என்றால் குறைந்தது 12 யூனிட். கெமிஸ்ட்ரி போனதும் அவள் கையில் இருப்பது 8. எட்டை 46-ஆல் பெருக்கினால் 368. பில்லில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எதற்கும் ஃபைனான்சியல் எய்ட் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள், அடுத்த செமஸ்டரில் 12-க்கு மேல் எடுத்தால் சலுகை திரும்பக் கிடைக்குமா என்பதையும் சேர்த்து. 13 யூனிட் இலவசமாகப் படித்துக்கொண்டிருந்தவள், 8 யூனிட்டைக் காசு கொடுத்துப் படிக்கிறாள்.

இந்த 368 சில்லறைதான். பெரிய நஷ்டம் கெமிஸ்ட்ரியில் இருக்கிறது. பயாலஜி படிக்கிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் பயாலஜியில் அல்ல, இந்த கெமிஸ்ட்ரி வரிசையில்தான். ஜெனரல் கெமிஸ்ட்ரி முதல் பாகத்தை முடிக்காமல் இரண்டாம் பாகத்தில் உட்கார முடியாது. இரண்டையும் முடிக்காமல் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி கிடையாது. ஆர்கானிக்கும் இரண்டு செமஸ்டர். முதல் நாளிலிருந்து பிடித்தால்தான் நாலு செமஸ்டரில் நாலும் முடியும். நடுவில் ஒன்றை விட்டால் ஆறு மாதம் போகும் என்று நினைப்போம். ஆனால் பல காலேஜ்களில் ஆர்கானிக் முதல் பாகம் ஆகஸ்டில் ஆரம்பிக்கும் ஃபால் செமஸ்டரில் மட்டும்தான் தொடங்கும். அப்போது ஆறு மாதம் ஒரு வருடமாகிவிடும். யுசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகங்களும் ட்ரான்ஸ்ஃபர் மாணவர்களைப் பெரும்பாலும் ஃபாலில்தான் எடுக்கின்றன. இதோடு லேப் வேறு. மதியம் மூன்று மணி நேரம், வாரம் இரண்டு நாள் கண்ணாடி மாட்டிக்கொண்டு நேரில் நிற்க வேண்டும். போபா கடைக்கும் அதே நேரத்தில்தான் ஆள் தேவைப்படுகிறது.

ஒரு வருடம் தள்ளிப்போனால் என்ன விலை? மாதம் 600 வீதம் அவள் வீட்டுக்குத் தருவது வருடம் 7,200. பட்டம் முடித்து லேபில் முதல் வருடச் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் பிந்தினால் அது போகிறது. 7,200-ஐக் கையில் வாங்கி 50,000-ஐத் தள்ளிப் போடுகிறோம்.

இதைச் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது. ஸ்பிரிங் செமஸ்டரில் முதல் பாகம், கோடையில் இரண்டாம் பாகம். கோடை வகுப்பு எட்டு வாரம்போல ஓடும், அனேகமாகத் தினமும் வகுப்போ லேபோ இருக்கும், அப்போது வேறு எதையும் தொடக்கூடாது. முடித்துவிட்டால் அடுத்த ஃபாலில் ஆர்கானிக்குக்கு நேரத்துக்குப் போய்விடலாம். உங்கள் காலேஜ் கோடையில் இரண்டாம் பாகத்தை நடத்துகிறதா என்று கவுன்சலரிடம் கேளுங்கள். இல்லையென்றால் பக்கத்து மாவட்டக் காலேஜில் எடுக்கலாம், யூனிட்டுக்கு அதே 46 டாலர்தான். எது எதற்கு ஈடாகும் என்பதை அசிஸ்ட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், அந்த மானப் பிரச்சினை. யுசியில் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், சொன்ன பாடங்களைச் சொன்ன மார்க்கோடு முடித்த கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு இடத்தை உறுதியே செய்கின்றன. டேக் என்பார்கள், விண்ணப்பம் செப்டம்பரில். பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ இதில் சேரவில்லை, அங்கே போட்டி போட்டுத்தான் போக வேண்டும். வீட்டிலிருந்தே போய்வர வேண்டும் என்றால் ஹேவார்டிலும் சான் ஹோசேயிலும் கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) இருக்கிறது. 2025-26-க்கு முழுநேர ட்யூஷன் 6,450 டாலர், வளாகக் கட்டணம் தனி. எங்கே முடிக்கிறாளோ அந்த இடத்தின் பெயர்தான் பட்டத்தில் இருக்கும். பாட்லக்கில் கேட்கிற மாமிகளிடம் உங்கள் மனைவி இதைச் சொல்லட்டும், சொல்லாமலும் இருக்கட்டும். அதற்காக நீங்கள் 8.5 சதவீதத்தில் கடன் வாங்க வேண்டாம். தனியார் யுனிவர்சிட்டியில் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடம் 85,000, 90,000 என்று போகிறது. உங்கள் லிமிட்டில் மிச்சமிருக்கும் ஒரு லட்சம் ஒரு வருடத்தைக் கொஞ்சம் தாண்டும். அதற்கப்புறம்?

அவள் டாக்டராகப் போகிறாளா லேபுக்குப் போகிறாளா என்று கடிதத்தில் நீங்கள் எழுதவே இல்லை. கேட்டீர்களா? பயாலஜி என்றாலே டாக்டர் என்று நம் வீடுகளில் முடிவு கட்டிவிடுகிறோம். மருந்து தயாரிக்கும் பக்கம் ஆர்வம் என்றால், கலிஃபோர்னியாவில் மிராகோஸ்டா, சொலானோ போன்ற கம்யூனிட்டி காலேஜ்களே பயோமேனுஃபேக்சரிங்கில் பி.எஸ். பட்டம் கொடுக்கின்றன. மேல் இரண்டு வருடத்துக்கு யூனிட்டுக்கு 130 டாலர். 60 யூனிட் 46-இலும், 60 யூனிட் 130-இலும் போட்டால் முழுப் பட்டமும் 10,560. அதைவிட உங்கள் தம்பிக்குக் கொடுத்த முன்பணம் அதிகம்.

ஐயுஎல் வேண்டாம். மகளுக்கு 19 வயதாகிவிட்டது, பணம் வேண்டியது அடுத்த நாலு வருடத்தில். இந்தப் பாலிசிகளில் முதல் பத்து வருடமோ அதற்கு மேலோ, நடுவில் விட்டால் சரண்டர் சார்ஜ் பிடிப்பார்கள். உங்கள் முதல் வருட ப்ரீமியத்தில் பெரும் பங்கு நண்பருக்குக் கமிஷனாகப் போகும். பாலிசிப் பணத்தை ஃபாஃப்சாவில் (படிப்புக்கான அரசு நிதியுதவி விண்ணப்பம்) காட்ட வேண்டாம் என்று நிச்சயம் சொல்லியிருப்பார். உண்மைதான். குடியிருக்கும் வீட்டின் மதிப்பையும் 401கே-யையும்கூடத்தான் அங்கே காட்ட வேண்டியதில்லை. யூனிட்டுக்கு 46 டாலர் கட்டும் இடத்தில் எதை ஒளிக்கப் போகிறீர்கள்? மாதம் 500 ஒதுக்க முடிகிறது என்பதுதான் அவர் உங்களுக்குச் செய்த ஒரே உதவி. அதை ஹீலாக் அசலில் போடுங்கள். வட்டியோடு 840 கட்டினால் 48,000 ஆறு வருடம் சொச்சத்தில் தீரும். 340 மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் தீரவே தீராது.

வரியில் ஒரு சின்ன விஷயம். அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி வரிச் சலுகை வருடம் 2,500 டாலர் வரை, உங்கள் வருமானத்துக்கு முழுதாகக் கிடைக்கும். ஆனால் ஒரு மாணவருக்கு நாலு வரி வருடங்கள்தான். ஆகஸ்டில் தொடங்கி நாலு வருடம் படித்தால் அது ஐந்து வரி வருடங்களைத் தொடும். 368 டாலர் பில்லுக்கும் இரண்டு புத்தகத்துக்குமாக இந்த வருடமே ஒன்றைச் செலவழிக்காதீர்கள். யுசி ஃபீஸ் வரும்போது தேவைப்படும்.

கடைசியாகத் தம்பி. உதவி செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, கூடப் பிறந்தவன். ஆனால் அந்த வண்டி ஓடுகிறதா என்று உங்களுக்கே தெரியாது. வாடகை மணிக்கு 1,200 ரூபாய் என்று வைப்போம். டீசல், பேட்டா போக 680 நிற்கும். டியூ 80,000, ஆபரேட்டர் சம்பளம், சர்வீஸ் எல்லாம் சேர்த்து மாதம் 1.1 லட்சம் என்றால், சுமார் 160 மணி நேரம் ஓடினால்தான் கைக்குக் கை சரியாகும். நீங்கள் அனுப்பும் 1,200 டாலர் டியூவைவிட அதிகம். அப்படியென்றால் வண்டி பெரும்பாலும் ஷெட்டில்தான் நிற்கிறது, இல்லையென்றால் ஓடிய பணம் வேறெங்கோ போகிறது.

வங்கியில் சொல்லி ஹீலாக்கை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள், திங்கட்கிழமையே. அப்போது ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மறுத்துப் பேச வேண்டியதில்லை, எடுக்க முடியவில்லை என்று உண்மையையே சொல்லலாம். ஜேசிபியில் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டர் உண்டு. அதை இந்த வாரம் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 160-க்குப் பக்கத்தில் வந்தால் சம்பளத்திலிருந்து, முடிந்ததை, இன்ன மாதம் வரை என்று பேசிக் கொடுங்கள். ஐம்பதோ அறுபதோ என்று வந்தால், விற்று ஃபைனான்ஸ் பாக்கியை அடைத்தபின் என்ன மிஞ்சும் என்று இருவரும் உட்கார்ந்து பாருங்கள்.

மகளிடம் அடுத்த மாதத்திலிருந்து 600 வாங்காதீர்கள். அவள் தராவிட்டால் அந்த 340-க்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். 500-ஐ அசலுக்குப் போடுவதை ஸ்பிரிங் முடியும்வரை 160 ஆக்கிக்கொள்ளுங்கள், பாக்கி வட்டிக்குப் போகட்டும். கடையை அவள் முழுதாக விட வேண்டியதில்லை, சனி, ஞாயிறு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். ஸ்பிரிங் பதிவுக்கு அவளுக்குக் கொடுத்திருக்கும் தேதியையும் நேரத்தையும் கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். கெமிஸ்ட்ரி லேப் இடங்கள் முதல் ஒன்றிரண்டு நாளிலேயே நிரம்பிவிடும், வெயிட்லிஸ்ட்டில் ஏழாவது பெயராக நிற்பதில் பலன் இல்லை.